கமிட்டி போட்ட வரிசையைக் கல்லூரித் தலைவர் மாற்றலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் நடத்தும் பொதுக் கல்லூரி) கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து உங்களுக்கு மூன்றாவது வருடம். திட்டமிடல் மற்றும் பட்ஜெட் கமிட்டியில் உங்களைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் எந்தெந்தத் துறைக்குப் புதிய முழுநேர ஆசிரியர் வேண்டும் என்று எட்டு மாதம் உட்கார்ந்து வரிசைப்படுத்தினீர்கள். நீங்கள் முதலில் வைத்த பணியிடத்தைக் கல்லூரித் தலைவர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார். "அப்படியானால் ஷேர்டு கவர்னன்ஸ் என்பது கண்துடைப்புதானா?" என்று கேட்கிறீர்கள். ஆசிரியர், ஊழியர், மாணவர் எல்லோருக்கும் நிர்வாகத்தில் பங்கு தரும் பகிர்ந்த நிர்வாகத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது ஒன்று. உண்டென்றால் நாம் எதற்கு அங்கே உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: பெரும்பாலும் உண்டு. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இதே மாநிலத்தில் 22 வருடமாகக் கம்யூனிட்டி கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதில் 6 வருடம் அகாடமிக் செனட் (கல்வி விஷயங்களில் ஆசிரியர்கள் சார்பில் பேசும் அமைப்பு) நிர்வாகக் குழுவிலும், 4 வருடம் திட்டமிடல் கமிட்டியின் ஆசிரியர் தரப்பு இணைத் தலைவராகவும் இருந்தேன். வழக்கறிஞர் கிடையாது. உங்கள் டிஸ்ட்ரிக்டின், அதாவது உங்கள் கல்லூரியை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்பின், கையேட்டை நான் பார்க்கவில்லை. அதனால் மாநிலச் சட்டம் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் கல்லூரியின் உள்விதிகளைப் பொறுத்தது எது என்று வரும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுவேன்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கலிஃபோர்னியாவின் முதல் ஜூனியர் கல்லூரி (கம்யூனிட்டி கல்லூரிக்கு அன்றைய பெயர்) 1910-இல் ஃப்ரெஸ்னோவில், உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாகத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் இந்தக் கல்லூரிகள் பள்ளி நிர்வாகத்தின் வாலாகவே இருந்தன. பிரின்சிபால் சொல்வார், ஆசிரியர் செய்வார். 1960-இல் வந்த மாஸ்டர் பிளான் இவற்றை உயர்கல்வியின் ஓர் அங்கமாக்கியது. ஆனாலும் உள்ளே பழக்கம் மாறவில்லை. 1988-இல் ஏ.பி. 1725 என்ற சட்டம் வந்தபோதுதான் ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள் எல்லோருக்கும் நிர்வாகத்தில் பங்கேற்கும் உரிமை எழுத்தில் வந்தது. பாடத்திட்டத்திலும் கல்வித் தரத்திலும் பரிந்துரை செய்யும் முதன்மைப் பொறுப்பு அகாடமிக் செனட்டுக்கு என்றும் அந்தச் சட்டம் சொன்னது. கவனியுங்கள், 'ஷேர்டு கவர்னன்ஸ்' என்ற சொல்லே அதில் இல்லை. இருப்பது 'பயனுள்ள பங்கேற்பு'. அதைத் தொடர்ந்து வந்த டைட்டில் 5 என்ற மாநில விதிகளில் இருப்பது 'சக கல்வியாளர்களாகக் கலந்தாலோசித்தல்'. அதிகாரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்ததாக எங்கும் இல்லை. முடிவெடுக்கும் சட்டப் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழுவுக்கு, அதாவது எல்லோரும் போர்டு என்று சொல்வார்களே, அதற்குத்தான். கல்லூரித் தலைவர் அந்தப் போர்டின் சார்பாகச் செயல்படுகிறவர்.

அடுத்தது, செனட்டில் இருக்கிறவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் '10+1'. போர்டு செனட்டுடன் கலந்தாலோசித்தே தீர வேண்டிய பத்து விஷயங்களும், இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் மற்ற கல்வி விஷயங்கள் என்ற பதினொன்றாவதும் சேர்ந்த பட்டியல் அது. பாடத்திட்டம், பட்டத்துக்கான தேவைகள், மதிப்பெண் கொள்கை, புதிய படிப்புகளை உருவாக்குவது, மாணவர் வெற்றிக்கான தரம், தரச்சான்றில் ஆசிரியர் பங்கு என்று போகும். ஒன்பதாவது, புரோகிராம் ரிவ்யூவுக்கான, அதாவது ஒவ்வொரு துறையும் தன்னைத்தானே மதிப்பிட்டு எழுதும் அறிக்கைக்கான, நடைமுறைகள். பத்தாவது, திட்டமிடலுக்கும் பட்ஜெட் தயாரிப்புக்குமான நடைமுறைகள். இந்த 'நடைமுறைகள்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பட்ஜெட்டில் எந்த வரியில் எவ்வளவு போட வேண்டும் என்பது செனட்டின் உரிமை என்று விதி சொல்லவில்லை. அந்த எண் எந்த வழியாக, எந்த ஆதாரத்தை வைத்து, யார் யாரைக் கேட்டு, எந்தத் தேதிக்குள் வரவேண்டும் என்பதில்தான் நமக்கு உரிமை. நானும் முதல் இரண்டு வருடம் இதைக் கவனிக்காமல் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். அந்த நேரத்தில் நடைமுறையை வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கலந்தாலோசிப்பதிலும் இரண்டு விதம் உண்டு. எந்த விஷயத்துக்கு எது என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் கொள்கையில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒன்று, செனட்டின் ஆலோசனையை முதன்மையாக நம்பி நடப்பது. இந்த வகையில் செனட் பரிந்துரைப்பதைப் பொதுவாக ஏற்றே ஆகவேண்டும். அசாதாரணமான சூழலில், வலுவான காரணம் இருந்தால் மட்டுமே தள்ளலாம். தள்ளினால், செனட் கேட்கும்போது காரணத்தை எழுத்தில், தாமதிக்காமல் தர வேண்டும். 'கேட்கும்போது' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கேட்காத செனட்டுக்கு யாரும் எழுதித் தரமாட்டார்கள். இரண்டாவது, இரு தரப்பும் ஒத்துப்போவது. ஒத்துப்போகாவிட்டால் பழைய கொள்கையே தொடரும். அது தொடர்ந்தால் சட்டச் சிக்கலோ பெரிய நிதிச் சுமையோ வரும் என்றால்தான் விதிவிலக்கு. ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதைவிடக் கொஞ்சம் மெலிதான வாசகம். அவர்களைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்துக்கு நியாயமான கவனம் தர வேண்டும் என்பதோடு விதி நிற்கிறது. மாணவர் பிரதிநிதியைக் கூட்டத்துக்கு ஓர் அலங்காரம் மாதிரி வைத்திருக்கும் கமிட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான். வகுப்பு இல்லாமல் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிற வலி என்னவென்று அந்த அறையில் உண்மையில் தெரிந்தவர் அந்த மாணவர் ஒருவர்தான்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. விதி 'கலந்தாலோசிக்க வேண்டும்' என்று சொல்வது செனட்டுடன். உங்கள் கமிட்டியுடன் இல்லை. திட்டமிடல் கமிட்டி என்பது ஆசிரியர், ஊழியர், மாணவர், நிர்வாகி எல்லோரும் கலந்த உள்ளூர் ஏற்பாடு. அதன் பரிந்துரைக்கு என்ன எடை என்பது உங்கள் கல்லூரியின் கையேடு சொல்வதைப் பொறுத்தது. அதனால் ஒன்று கேட்கிறேன்: உங்களை அந்தக் கமிட்டியில் போட்டது யார், டீனா, செனட்டா? கல்வி சார்ந்த விஷயங்களைக் கையாளும் கமிட்டிகளுக்கு ஆசிரியர்களை நியமிப்பது செனட்தான். கல்லூரித் தலைவரிடம் அல்லது அவர் சார்பில் இருப்பவரிடம் கலந்துபேசிவிட்டுச் செய்யும், ஆனால் நியமிப்பது செனட். அப்படி வந்தவர் என்றால் நீங்கள் அங்கே கணக்குத் துறையின் ஆள் கிடையாது, செனட்டின் பிரதிநிதி. கமிட்டியில் நடந்ததைச் செனட்டில் வந்து சொல்லவேண்டிய கடமையும் உண்டு. எட்டு மாத வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு தடவையாவது அந்த வரிசை செனட் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் வந்ததா? வந்து, செனட் தீர்மானமாக நிறைவேற்றியிருந்தால் அதற்குத் தனி எடை. வராமல் நேராகத் தலைவரிடம் போயிருந்தால், அவர் மாற்றியது ஒரு கமிட்டியின் ஆலோசனையை மட்டுமே.

யூனியனையும் செனட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்யூனிட்டி கல்லூரி ஆசிரியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை 1975-இல் வந்த ரோடா சட்டத்தால் கிடைத்தது. சம்பளம், வேலை நேரம், பணிச்சூழல் எல்லாம் யூனியனின் வேலை. முழுநேர ஆசிரியரை எந்த அளவுகோலில், எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்பதைப் போர்டின் பிரதிநிதிகளும் செனட்டும் சேர்ந்து ஒப்புக்கொண்டு வகுக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் சொல்கிறது. ஆனால் இந்த வருடம் எத்தனை பேரை, எந்தத் துறைக்கு என்பதை அந்தப் பிரிவு செனட்டிடம் கொடுக்கவில்லை. அது பட்ஜெட்டோடு ஒட்டிய முடிவு.

சரி, தலைவர் ஏன் மாற்றியிருப்பார்? உங்கள் கல்லூரியில் நடந்தது எனக்குத் தெரியாது. ஆனால் இப்படி மாற்றுகிறவர்களிடம் நியாயமான காரணம் இருக்கும் சந்தர்ப்பங்களைப் பார்த்திருக்கிறேன். நர்சிங் ஒரு நல்ல உதாரணம். மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் படிப்பை நடத்த முடியாது. ஆசிரியர் தகுதியும் அந்த வாரியத்தின் விதிக்குள் வரும். கமிட்டி வரிசை போட்டு முடித்த பிறகு நர்சிங்கில் ஒருவர் விலகினால், அந்த இடத்தை நிரப்பாமல் விடுவது படிப்புக்கே ஆபத்து. இன்னொன்று பணம். செலவில் பாதியாவது வகுப்பறை ஆசிரியர் சம்பளத்துக்குப் போகவேண்டும் என்ற 50 சதவீத விதி, முழுநேர ஆசிரியர் எண்ணிக்கைக்கு மாநிலம் வைக்கும் இலக்கு, சிறப்பு நிதி எதற்குச் செலவாகலாம் என்ற கட்டுப்பாடு, இவையெல்லாம் தலைவரின் மேசையில் ஒன்றாக வந்து விழும். காரணமே இல்லாமல், அவருக்குப் பிடித்த துறை என்பதற்காக மாற்றுவதும் உண்டு. எழுத்தில் காரணம் கேட்காதவரை இந்த இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது.

காலண்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டமிடலைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. ஆளுநர் ஜனவரி 10-க்குள் பட்ஜெட் முன்வரைவைத் தருகிறார். மே நடுவில் அதைத் திருத்துகிறார். சட்டமன்றம் ஜூன் 15-க்குள் நிறைவேற்ற வேண்டும். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. டிஸ்ட்ரிக்ட் அதற்குள் தற்காலிக பட்ஜெட்டையும், செப்டம்பர் 15-க்குள் இறுதி பட்ஜெட்டையும் ஏற்க வேண்டும். இதோடு ஆசிரியர்களின் வருடத்தை வைத்துப் பாருங்கள். மே கடைசியில் பட்டமளிப்பு விழா முடிந்ததும் கிளம்பிவிடுகிறோம், ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறோம். உண்மையான எண்கள் தெரிய ஆரம்பிப்பது நாம் இல்லாத அந்த மூன்று மாதத்தில்தான். நான் முன்பு வேலை செய்த கல்லூரி ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒரு வருடம் இதுதான் நடந்தது. மே மாதம் ஒப்புக்கொண்ட வரிசை ஆகஸ்டில் வந்து பார்த்தால் வேறாக இருந்தது. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. மே திருத்தத்தில் பணம் குறைந்தது, யாரோ முடிவெடுக்க வேண்டியிருந்தது, எடுத்தார்கள். ஆனால் அந்தக் கோபம் இரண்டு வருடம் அடங்கவில்லை. நல்ல ஆசிரியர்கள் நான்கைந்து பேர் இனி எந்தக் கமிட்டிக்கும் வரமாட்டேன் என்று போய்விட்டார்கள். அந்த இழப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். செனட்டும் தலைவரும் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தில் ஒரு நடைமுறை எழுதினோம். வரிசையை மாற்றினால் 10 வேலை நாளுக்குள் காரணம் எழுத்தில் வரவேண்டும். அடுத்த செனட் கூட்டத்தில் தலைவரே வந்து விளக்க வேண்டும். கோடையில் அவசரமாக முடிவெடுக்க நேர்ந்தால் கூப்பிட மூன்று ஆசிரியர்களைச் செனட் மே மாதமே நியமித்து வைக்கும், அந்த நாட்களுக்கு அவர்களுக்கு ஊதியம் உண்டு. இந்தக் கடைசி வரிக்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. அதன் பிறகு நான் அங்கே இருந்தவரை வரிசை இரண்டு தடவை மாறியது. ஒரு தடவை காரணத்தைப் படித்துவிட்டு நாங்களே சரி என்று சொன்னோம். இன்னொரு தடவை ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் எழுத்தில் பதிவு செய்தோம். போர்டு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது. தலைவர் பக்கம்தான் முடிவு செய்தது. ஆனாலும் அந்தத் தடவை யாரும் கமிட்டியை விட்டுப் போகவில்லை.

இதைவிட முக்கியமான இடம் இதற்கெல்லாம் முன்னாலேயே இருக்கிறது. வரிசையைத் தீர்மானிப்பது கடைசிக் கூட்டத்து ஓட்டு என்று தோன்றும். நான் பார்த்தவரை அதற்கு ஒரு வருடம் முன்பு எழுதப்படும், துறைகளின் கோரிக்கைகளுக்குப் புள்ளி போடும் மதிப்பெண் அட்டவணைதான் தீர்மானிக்கிறது. எங்கள் அட்டவணையில் காத்திருப்புப் பட்டியலின் நீளத்துக்கும், பகுதிநேர ஆசிரியர் எடுக்கும் வகுப்புகளின் விகிதத்துக்கும் அதிக மதிப்பெண் இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஒரு முழுநேர ஆசிரியரை வைத்து ஓடும் சிறிய துறைகள் வருடா வருடம் அடியிலேயே கிடந்தன. அந்த ஒருவர் ஓய்வு பெற்றால் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கவும் புரோகிராம் ரிவ்யூ எழுதவும் ஆளே இருக்காது. அந்த ஆபத்துக்கு அட்டவணையில் ஒரு கட்டமே இல்லை. தலைவர் நடுவில் வந்து ஒரு சிறிய துறையைத் தூக்கி மேலே வைத்தபோது நாங்கள் கத்தினோம். பிறகு யோசித்தால், எங்கள் அட்டவணையில் இருந்த ஓட்டையைத்தான் அவர் அடைத்திருந்தார். புரோகிராம் ரிவ்யூவும் அப்படியே. டீன் கேட்கிறார் என்று கடைசி வாரத்தில் போன வருடத்து வாசகத்தை ஒட்டிக் கொடுக்கிறோம். அந்தக் காகிதம்தான் பணக் கோரிக்கைக்கு ஆதாரம் என்பது மார்ச் மாதத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

இதுவரை சொன்னதில் விதிகள் பற்றியது உறுதி. இனி சொல்வது என் கருத்து, மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு. பகிர்ந்த நிர்வாகம் கல்லூரியை நன்றாக நடத்த உதவுகிறதா, இழுத்தடிக்கிறதா? இந்த விவாதத்தில் சிட்டி காலேஜ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோவை இழுக்காமல் யாரும் பேசமாட்டார்கள். 80,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்த அந்தக் கல்லூரியைத் தரச்சான்று ஆணையம் 2012-இல் கடுமையாக எச்சரித்தது. 2013-இல் தரச்சான்றை ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் அதிகாரம் ஒரு சிறப்பு அறங்காவலரிடம் போனது. நிதியோடு சேர்த்து நிர்வாகக் கட்டமைப்பும் ஆணையத்தின் குறைப்பட்டியலில் இருந்தது. கமிட்டிகள் கூடிப்போனதால் வந்த வினை என்று ஒரு தரப்பு சொல்கிறது. மாநிலம் நிதியை வெட்டிய காலத்தில் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் தடுமாறியிருக்கும் என்று இன்னொரு தரப்பு. ஆணையமே சில விதிகளை மீறியது என்று 2015-இல் நீதிமன்றம் சொன்னது. 2017-இல் ஏழு வருடத்துக்குத் தரச்சான்று உறுதியானது. இதை வைத்து ஒரு பக்கம் மட்டும் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்குப் படுவது: யார் பரிந்துரைக்கிறார், யார் முடிவெடுக்கிறார் என்ற கோடு மங்கிப்போன கல்லூரிகள்தான் நெருக்கடியில் திணறுகின்றன. கமிட்டிகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது, கணக்கு ஆசிரியரான உங்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். 2017-இல் வந்த ஏ.பி. 705, மாணவரை முதல் வருடத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க நிலைக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்க வைக்கும் வாய்ப்பைக் கல்லூரி அதிகபட்சமாக்க வேண்டும் என்றது. எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களைப் பார்க்கச் சொன்னது. அதுவரை அது செனட்டும் கணக்குத் துறையும் பேசி முடிவு செய்த விஷயம். சட்டமன்றம் ஒரே சட்டத்தில் அந்த எல்லையை மாற்றி வரைந்தது. பல வருடம் அடிப்படை வகுப்புகளிலேயே மாணவர்கள் தேங்கி, விட்டுப் போனதை நாமே சரி செய்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு அவசரம் வந்திருக்காது என்பது என் எண்ணம். என் சகாக்களில் பாதிப்பேர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் உங்கள் டிஸ்ட்ரிக்டின் போர்டு கொள்கையை எடுங்கள். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் அது 2510 என்ற எண்ணில், உள்ளூர் முடிவெடுத்தலில் பங்கேற்பு என்ற பொருளில் இருக்கும். திட்டமிடல், பட்ஜெட் நடைமுறைகளுக்கு அதில் எந்த விதம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கல்லூரியின் நிர்வாகக் கையேட்டில் உங்கள் கமிட்டி யாருக்குப் பரிந்துரைக்கிறது, மாற்றினால் என்ன நடக்க வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன்படி நடந்ததா என்பதுதான் உங்கள் கேள்வி. இல்லையென்றால் அதை எழுத வைப்பதுதான் உங்கள் வேலை. செனட் தலைவரிடம் பேசி, காரணத்தை எழுத்தில் தரும்படி செனட் பெயரில் ஒரு கடிதம் போகச் சொல்லுங்கள். தனி ஆளாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். நீங்கள் இன்னும் நிரந்தரம் ஆகாதவர் என்று நினைக்கிறேன். அதனால் மட்டுமில்லை, தனி மனிதரின் மனக்குறையாக அது படிக்கப்பட்டுவிடும்.

செனட் கூட்டங்கள் பிரவுன் சட்டத்துக்கு, அதாவது பொது அமைப்புகளின் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டத்துக்கு, உட்பட்டவை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், அதில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. அதனால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். உங்கள் திட்டமிடல் கமிட்டிக்கும் இது பொருந்துமா என்பது அதை யார் உருவாக்கியது என்பதைப் பொறுத்தது. போர்டோ செனட்டோ முறையாக அமைத்தது என்றால் பொருந்தும் வாய்ப்பு அதிகம். தலைவர் தன் ஆலோசனைக்காகத் தானே வைத்துக்கொண்டது என்றால் பொருந்தாமல் போகலாம். இரு தரப்புக்கும் பேச்சு முற்றிலும் நின்றுபோனால் மாநில அகாடமிக் செனட்டும், போர்டுகளின் அமைப்பான கம்யூனிட்டி காலேஜ் லீகும் சேர்ந்து வந்து விதிகளை விளக்கி உதவும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குக் கல்லூரித் தலைவரும் செனட் தலைவரும் சேர்ந்து கூப்பிட வேண்டும். அந்த அளவுக்குப் போகவேண்டி வராது என்றுதான் நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரியில் வேலை செய்துவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு, ஆட்சிக் குழு என்று படிகள் இருந்தாலும், மேலே போன காகிதம் ஏன் மாறி வந்தது என்று கேட்டுப் பழக்கம் இருந்திருக்காது. இங்கே கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. தலைவர்கள் பலரும் கேட்பதை எதிர்பார்க்கிறார்கள், சிலர் விரும்பவும் செய்கிறார்கள்.

கொள்கையின் அந்தப் பக்கத்தையும், கமிட்டியைப் பற்றிக் கையேட்டில் உள்ள பத்தியையும் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே ஒட்டுங்கள். செனட்டின் கடிதத்தில் எந்த வாசகத்தைப் பிடித்துக் கேட்கலாம் என்று அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.